வலித்தால் இடது கையைத் தூக்கவும்

சம்பந்தியம்மாளின் வாய் திறந்திருக்கிறது, ஆனால் அதிலிருந்து சத்தம் வரவில்லை. இது எத்தனை அபூர்வமான காட்சி என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று மண்டப வாசலில் காரை விட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கியவர் துளசிமணி அம்மாள், அதற்குப் பிறகு நான் பார்த்த நேரமெல்லாம் அந்த வாய் ஓடிக்கொண்டேதான் இருந்தது, ரசம் நீர்த்துவிட்டது, வாழை மரத்தைக் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள், உங்க பக்கத்து ஆளுங்க போட்டோவுக்கு மட்டும் சரியா வந்தர்றாங்க, பொண்ணு மாப்பிள்ளையை விட ஒரு விரக்கடை உசரமோ என்னமோ. இப்போது பச்சைத் துணியின் நடுவே வட்டமாக வெட்டிய ஓட்டைக்குள் வாய் மட்டும் தெரிகிறது. மூக்கில்லை, கண்ணில்லை, வைர மூக்குத்தி இல்லை. இந்த அம்மாளிடமிருந்து தேவையில்லாததையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான் என்று ஒரு நினைப்பு வருகிறது, சிரிக்காதே சுகுணா, மாஸ்க் போட்டிருந்தாலும் கண் காட்டிக் கொடுத்துவிடும், எதிரே உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சபாபதி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வலது கீழ்த்தாடையில் ஒரு கடவாய்ப் பல் இல்லை. அந்த இடத்தில் எலும்பைத் துளைத்து நான் ஒரு டைட்டானியம் திருகாணியை இறக்க வேண்டும். எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு, மூன்று மாதம் கழித்து, அதன் மேல் பல் கட்டலாம். இம்ப்ளாண்ட் என்று இதற்குப் பெயர், கோபிசெட்டிபாளையத்தில் என் கிளினிக்குக்கு எதிர்ச் சாரியில் புதிதாகக் கடை விரித்திருக்கிற பையன் போர்டில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற வெள்ளைக்காரியின் படமும் போட்டிருக்கிறானே, அதே இம்ப்ளாண்ட். இருபத்தைந்து வருஷமாகப் பல் டாக்டராக இருக்கிறேன். இதுதான் நான் வைக்கப்போகும் முதல் இம்ப்ளாண்ட். இது சம்பந்தியம்மாளுக்குத் தெரியாது. போதாததற்கு என் பேண்ட் நழுவுகிறது.

பேண்ட் என்னுடையது இல்லை. கோயமுத்தூரில் இந்த மூன்று நாள் பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் நீல நிறத்தில் ஒரு சட்டையும் பேண்டும் கொடுத்தார்கள், நாடா வைத்தது, ஒரே அளவு, அந்த ஒரே அளவு யாருடைய அளவு என்று தெரியவில்லை. ஐம்பத்தோரு வயதில் முதன்முதலாக பேண்ட் போடுகிறேன், அதுவும் சம்பந்தியம்மாள் முன்னால். காலையில் என்னைப் பார்த்ததும் மேலிருந்து கீழ் ஒரு தடவை, கீழிருந்து மேல் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சம்பந்தி, நல்லாத்தானுங் இருக்குது, நம்ம மாப்பிள்ளையோட தங்கச்சின்னா நம்பீருவாங்க" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று அரை மணி நேரம் யோசித்தேன், இன்னும் முடிவு தெரியவில்லை, இந்த அம்மாள் சொல்கிற எதற்குமே முடிவு தெரிவதில்லை. அப்போதே ஒரு முடிச்சு சேர்த்துப் போட்டிருக்கலாம். இப்போது கையில் சுத்தமான கையுறை, இனிமேல் நாடாவைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும், மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், பேண்ட் என்று சொல்ல வேண்டும். இடுப்பை நாற்காலியின் விளிம்பில் அழுத்திக்கொள்கிறேன். இப்படி நின்றால் நிற்கும். வலது கால் மட்டும் கீழே டிரில் ஓட்டுகிற பெடலைத் தேட வேண்டும், காலைத் தூக்கினால் ஒரு பக்கம் இறங்குகிறது. மெதுவாக. "ரிலாக்ஸ் மேம்" என்கிறார் பின்னாலிருந்து டாக்டர் ரோஷன், பயிற்சி கொடுப்பவர், என் கிளினிக்குக்கு முதல் பேஷண்ட் வந்தபோது இவர் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்க மாட்டார். தோளை இறக்குங்க மேம் என்கிறார். தோளை இறக்கினால் எல்லாமே இறங்கிவிடும், ரோஷன்.

இந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம், மூன்றாம் நாள் நிஜ நோயாளிக்கு நிஜமாக வைக்க வேண்டும், அந்த நோயாளியை நாமே கூட்டிக்கொண்டு வர வேண்டும். நான் முதலில் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தேன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், சாது, விசில் ஊதி ஊதி முன்பல்லை மட்டும் வலுவாக வைத்திருந்தவர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர். கடைசி வாரம் அவருக்குச் சர்க்கரை எகிறிவிட்டது. ஐயையோ ஆள் போச்சே என்று மிதுனாவிடம் போனில் புலம்பினேன், மகளிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவது, இரண்டு நாள் கழித்து சம்பந்தியம்மாளே போன் செய்கிறார், "ஏனுங் சம்பந்தி, எனக்குக் கீழ்ப்பல்லு ஒண்ணு இல்லீங்களே, அதுக்கு ஏதோ ஸ்குரூ வெக்கறாங்களாமே, நீங்க வெப்பீங்களா?" வைப்பேன் என்றும் சொல்ல முடியாது, வைக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒன்று கேட்டுவிட்டால் அதற்கு முடியாது என்று ஒரு பதிலை நம் ஊரில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. "அதுக்கென்னங்க, கோயமுத்தூர்ல பெரிய மிஷினெல்லாம் இருக்குது, அங்க வெச்சுப் போட்டுக்கலாமுங்க, கூட நாலு டாக்டருங்க இருப்பாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. பொய் இல்லை. மிஷின் இருக்கிறது, நாலு டாக்டரும் இருக்கிறார்கள், நாலு பேரும் என்னைப் போலவே கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. காலையில் ரோஷனைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டர், அவங்க முன்னால ஃபர்ஸ்ட் கேஸ்னு மட்டும் சொல்லீராதீங்க என்று கெஞ்சினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கட்டை விரலை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

ஊசி போட்டாகிவிட்டது. ஈறைக் கீறித் திறந்தாகிவிட்டது. எலும்பு தெரிகிறது, வெள்ளையாக, சாதுவாக, இந்த அம்மாளுக்குள்ளே பேசாமல் இருக்கிற ஒரு பொருள். நல்ல எலும்பு மேம் என்கிறார் ரோஷன், நான் சம்பந்தியம்மாளின் சார்பில் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கீழே நரம்பு இருக்கிறது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய், அதில் ஒரு நரம்பு, உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொண்டுபோவது அதுதான். ஸ்கேனில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார்கள், என் திருகாணியின் நுனிக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம், ஒரு உளுத்தம்பருப்பின் தடிமன். அதைத் தாண்டி இறங்கினால் பாதி உதடு மரத்துப்போகும், ஒரு நாளைக்கு இல்லை, ஆயுசுக்கும். சம்பந்தியம்மாளின் உதடு. காபி குடித்தால் ஓரத்தில் வழியும், வழிவது அவருக்குத் தெரியாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அப்புறம் அவருக்கு வாழ்க்கையில் பேசுவதற்கு வேறு விஷயமே தேவைப்படாது. வளைகாப்பில் பேசுவார், காதுகுத்தில் பேசுவார், பெருந்துறையிலிருந்து பவானி வரைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மோவாயைத் தொட்டுக் காட்டி, இது எங்க சம்பந்தி போட்ட சீர் என்பார். கேட்டுக்கொண்டு பக்கத்தில் மிதுனா நிற்பாள். டிபன் தட்டை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. அவள் ஏன் நிற்க வேண்டும், நான் செய்ததற்கு. நான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு பேசாமல் கோபியிலேயே இருந்திருக்கலாம். எதிர்ச் சாரிப் பையனின் போர்டைப் பார்த்து வந்த வினை.

அதனால்தான் நரம்பு முழுவதும் மரத்துப்போகிற ஊசி போடக் கூடாது என்று ரோஷன் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். மேலோட்டமாக மட்டும் மருந்து, நரம்பு உள்ளே விழித்திருக்க வேண்டும், டிரில் கிட்டே போனால் நோயாளிக்குச் சுரீர் என்று இருக்கும், உடனே கையைத் தூக்குவார், நாம் நிறுத்திவிட வேண்டும். நான் இருபத்தைந்து வருஷமாக எல்லாரிடமும் சொல்கிற வாசகம்தானே, என் கிளினிக் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன், வலித்தால் இடது கையைத் தூக்கவும். வலது பக்கம் டாக்டர் நிற்கிறோம், வலது கையைத் தூக்கினால் நம் கையைத் தட்டிவிடும், அதனால் இடது. சம்பந்தியம்மாளிடம் சொன்னபோது நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பீச்சாங்கையையா தூக்கச் சொல்றீங்க, நல்ல காரியத்துல?" பல் வைப்பது நல்ல காரியம்தான், மறுக்க முடியாது. "டாக்டருங்க வழக்கமுங்க சம்பந்தி" என்றேன். "அப்ப சரீங். ஆனா வளையலைக் கழட்ட மாட்டேனுங்க." கழற்றவில்லை. துணிக்கடியில் இடது கையில் நாலு தங்க வளையல் இருக்கிறது, மூச்சு விடும்போதெல்லாம் லேசாகச் சத்தம் கேட்கிறது, கிண் என்று. ஒவ்வொரு கிண்ணுக்கும் அந்தக் கை கிளம்புகிறதா என்று பார்க்கிறேன்.

பெடல். டிரில் சுற்றுகிறது. முருகா என்கிறார் சபாபதி. திண்டுக்கல்காரர், என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர், அடுத்த கேஸ் அவருடையது, அதற்கு நான் குழாய் பிடிக்க வேண்டும், இதற்கு அவர் பிடிக்கிறார். முருகா சொல்லாதீங்க சார், பேஷண்ட் காதுல விழுது என்று கண்ணாலேயே சொல்கிறேன். அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு குழாயைக் கன்னத்தில் வைக்க, சர்ர்ரென்று கன்னத்தை இழுத்துக்கொள்கிறது. எடுங்க சார். எடுத்தார். தண்ணீர் பீச்சுகிறது, குளிர்ந்த தண்ணீர், எலும்பு சூடாகக் கூடாது, சூடானால் செத்துவிடும், வெள்ளைப் பொடி கரைந்து ஓடுகிறது. இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றி, அழுத்தாதீங்க மேம், அதுவே போகும். அதுவே போகிறது. வெண்ணெயில் போகிற மாதிரி இல்லை, தேங்காய்க்குள் போகிற மாதிரி. எவ்வளவு போயிற்று, டிரில்லில் கறுப்புக் கோடு இருக்கிறது, அந்தக் கோடு வரைக்கும் மட்டும், கோடு தண்ணீரில் மறைகிறது, தெரிகிறது, மறைகிறது, இப்போது தெரிகிறதே அது முதல் கோடா, இரண்டாம் கோடா. நிறுத்தினேன். துளையில் ஒரு ஊசியை நட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் நரம்பின் குழாய் சாம்பல் கோடாகப் படுத்திருக்கிறது, என் ஊசி அதற்கு மேலே மரியாதையான தூரத்தில் நிற்கிறது. "சூப்பர் மேம், முதல்..." என்று ஆரம்பித்தார் ரோஷன். நான் திரும்பிப் பார்த்தேன். "முதல் தரமான பொசிஷன்" என்று முடித்தார். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

அடுத்த டிரில், கொஞ்சம் தடிமன், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கை பழகிவிட்டது, கை பழகியதும் மனசு கழன்று ஓடுகிறது, எப்போதும் இப்படித்தான், அது ஓடுகிற இடமும் எப்போதும் ஒன்றுதான். மிதுனா. ஏழு மாதமாகிறது. தினமும் சாயந்திரம் போன் செய்கிறேன், எப்படிம்மா இருக்கே, நல்லாயிருக்கேம்மா. அத்தை என்ன சொல்றாங்க, ஒண்ணும் சொல்லலம்மா. ஒன்றும் சொல்லவில்லையாம், இந்த வாயா ஒன்றும் சொல்லாது? எலும்பு தெரிகிற வரைக்கும் திறந்து பார்த்தவள் சொல்கிறேன், இது சொல்லாமல் இருக்கிற வாய் இல்லை. நல்லாயிருக்கேம்மா என்பதை நான் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன், நல்லா-வில் இழுத்தாளா, அம்மா-வில் குரல் இறங்கியதா, பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதே அது யார் உருட்டியது. இந்த ஊரில் எத்தனை பேர் என் நாற்காலியில் படுத்துக்கொண்டு வலிக்கவே இல்லீங் டாக்டர் என்று கண்ணில் தண்ணீர் வழியச் சொல்லியிருக்கிறார்கள், வலிக்கவில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதே இல்லை. மிதுனா சின்ன வயதிலிருந்தே கையைத் தூக்காத பிள்ளை. காதில் கம்மல் துளை சீழ் பிடித்தபோதுகூட நாலு நாள் முடியால் மூடிக்கொண்டு திரிந்தாள். இந்த ஒரு பல்லை ஒழுங்காக வைத்துவிட்டால், ஒரு தப்பும் இல்லாமல் வைத்துவிட்டால், இந்த அம்மாள் அவளை ஏதாவது சொல்ல வரும்போதெல்லாம் அந்தப் பல் நாக்கில் தட்டி, அவங்கம்மா வெச்சதாச்சே என்று ஒரு நிமிஷம் நிற்காதா. இதற்குத்தான் நான் இங்கே நிற்கிறேன். எதிர்ச் சாரிப் பையனாவது, போர்டாவது. அதெல்லாம் பயிற்சியில் சேர்ந்த நாளோடு சரி.

"மேம், இம்ப்ளாண்ட்." சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து அது வெளியே வருகிறது, சாம்பல் நிறம், மரை போட்டது, வீட்டில் பீரோவுக்குப் போடுகிற ஸ்குரூவை விடச் சின்னது. திருகாணி முடுக்குகிற டிரைவரில் மாட்டித் துளைக்கு மேலே கொண்டுபோகிறேன். மெதுவாகச் சுற்றி இறங்குகிறது. இறங்கும்போது ஆட்டுத் தாடை ஞாபகம் வருகிறது, வராதே வராதே என்றால் வருகிறது. முதல் நாள் ஆளுக்கொரு ஆட்டுத் தாடையைக் கொடுத்தார்கள், உக்கடத்திலிருந்து வாங்கி வந்து ஐஸில் வைத்தது, சபாபதி சைவம், கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டார், அவருக்கே நேராகப் போனது. எனக்கும் நேராகத்தான் போனது, திருகாணியும் அழகாக உட்கார்ந்தது, எல்லோரும் கை தட்டப் போகிற நேரம், டிரைவர் மட்டும் கழன்று வரவில்லை, இறுகிக்கொண்டது. என் மணிக்கட்டு என்னைக் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பழகிய மணிக்கட்டு, ஏதாவது ஒன்று தாடையில் இறுக்கமாக நின்றால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வெளியே ஒரு சாய், உள்ளே ஒரு சாய், வெளியே, உள்ளே, ஒரு முறுக்கு, மேலே. வந்துவிட்டது. டிரைவரோடு திருகாணியும், திருகாணியோடு ஒரு துண்டு எலும்பும். வைத்த கையோடு பிடுங்கிவிட்டேன். பழக்கதோஷத்தில் வாய் வேறு, "அவ்வளவுதாங்க, முடிஞ்சுது, பஞ்சைக் கடிச்சுக்குங்க" என்று ஆட்டிடம் சொல்லிவிட்டது. ரோஷன் ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மேம், உங்களோடது பிடுங்கற கை, கெட்ட கை இல்ல, ஆனா இங்க அதை வீட்டுல விட்டுட்டு வரணும்" என்றார். அன்று சாயந்திரம் மிதுனாவிடம்தான் சொன்னேன், சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில டிரைவர் எடுக்கறப்பத்தானேம்மா என்று மட்டும் கேட்டாள். அத்தைகிட்ட மூச்சு விட்டறாதே கண்ணு என்றேன். சரிம்மா என்றாள்.

உட்கார்ந்துவிட்டது. எலும்பு மட்டத்துக்கு அரை நூல் கீழே, பக்கத்துப் பல்லுக்கு நேராக, நானே வைத்தது. மிஷின் கிர்ரென்று நின்று போதும் என்கிறது. "பியூட்டிஃபுல்" என்கிறார் ரோஷன். முருகா என்கிறார் சபாபதி, இந்தத் தடவை அது எனக்கும் வேண்டியிருந்தது. இனி டிரைவரை எடுக்க வேண்டியதுதான். நேராக மேலே. எடுக்கிறேன். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. இறுகிவிட்டது. நேரா மேம், நேரா மட்டும் என்கிறது ரோஷனின் குரல், அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ கேட்கிறது, பேண்ட் இடது பக்கம் ஒரு விரல் இறங்குகிறது, இடுப்பை அழுத்துகிறேன், முதுகில் வியர்வை ஓடுகிறது, பிடுங்காதே சுகுணா, இது பல் இல்லை, நீ வைத்தது, பிடுங்காதே. நான் பிடுங்கவில்லை. மணிக்கட்டுதான். அது மெல்ல, எனக்குத் தெரியாமல், ஒரு பழைய வேலைக்காரி மாதிரி தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பிக்கிறது, வெளியே ஒரு சாய்

கலகலவென்று சத்தம். பச்சைத் துணி ஒரு பக்கம் கூடாரமாக எழுந்தது. நாலு வளையலும் முழங்கையை நோக்கிச் சரிய, சம்பந்தியம்மாளின் இடது கை நேராகக் கூரையைப் பார்த்து நின்றது. நிறுத்திவிட்டேன். கையைத் தூக்கினால் நான் நின்றுவிடுவேன், அதுவும் பழக்கம்தான், மணிக்கட்டின் பழக்கத்தை விட வலுவான ஒரே பழக்கம். நரம்பு. போச்சு. உதடு போச்சு. "வலிக்குதுங்களா சம்பந்தி? சுரீர்னு இருந்துதுங்களா?" வாய் திறந்தபடியே ம்ஹூம் என்றது. "உதட்டுல ஏதாச்சும்?" ம்ஹூம். "பின்னே எங்கீங்க?" கை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு சாவகாசமாக, வேலை முடிந்த மாதிரி, துணிக்கடியில் இறங்கிக்கொண்டது. என் கையும் டிரைவரை விட்டு எப்போதோ இறங்கியிருந்தது. அந்த இடைவெளியில் ரோஷன் எட்டி, இரண்டு விரலால் டிரைவரைப் பிடித்து, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, "இப்ப எடுங்க மேம்" என்றார். எடுத்தேன். நேராக மேலே. தனியாக வந்தது. கீழே திருகாணி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இன்னொரு எக்ஸ்ரே, உளுத்தம்பருப்பு அப்படியே இருக்கிறது. மூடி போட்டு, தையல் போட்டேன்.

துணியை எடுத்ததும் முகம் திரும்ப வந்தது, மூக்கு, மூக்குத்தி, கண். உதட்டின் இரண்டு பக்கமும் பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், தெரியுதுங்களா, தெரியுதுங், இங்க, தெரியுதுங். மோவாயில் நாலு தடவை தொட்டேன். ஐந்தாவது தடவை என் கையை மெல்லத் தள்ளிவிட்டார். பஞ்சை மடித்துக் கடிக்கக் கொடுத்து, "அரை மணி நேரம் பேசக் கூடாதுங்க சம்பந்தி" என்றேன். தலையாட்டினார், வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தால் பேண்ட் பத்திரம். அவர் கை ஏன் எழுந்தது என்று என் மூளை திரும்பத் திரும்ப அதே இடத்தில் போய் முட்டிக்கொண்டது. வலி இல்லை, நரம்பு இல்லை, தாகமா, மூக்கு அரித்ததா, ஒரு வேளை திட்டுவதற்குத்தானோ, வாயால் முடியாததைக் கையால். அப்போது அவருடைய போன் அடித்தது. என்னுடையது இல்லை, அவருடையது. எடுத்துப் பார்த்தார், பஞ்சுக்குள் என்னவோ முனகினார், பேச முடியாது என்பது ஞாபகம் வந்து போனை என் கையில் திணித்தார். காதில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மிதுனா ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தை, முடிஞ்சுதுங்களா? அம்மா கடைசியில ஆட்டுச்சுங்களா? நாஞ்சொன்ன மாதிரி கையத் தூக்குனீங்களா?"

நான் சுவரைப் பார்த்தேன். ரோஷன் அன்று ஏன் அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்தார் என்று புரிந்தது.

"பேசக் கூடாதுன்னுட்டாங்களா? அம்மா எல்லாருக்கும் அப்படித்தானுங்க சொல்லும். ஆமான்னா ஒரு தடவை ம் சொல்லுங்க அத்தை."

"ம்" என்றேன்.

"அப்பாடா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க. பாவம், அம்மாக்கு மொதத் தடவைங்கறதுல ஒரே பயம், வேற யாராச்சும்னா பாதியில எந்திரிச்சு ஓடியிருப்பாங்க. நீங்க தெரிஞ்சே போய்ப் படுத்தீங்க பாருங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க அத்தை, வருத்தப்படும்."

"ம்" என்றேன். அது சரியாக வரவில்லை, கொஞ்சம் உடைந்து வந்தது, ஆனால் வாயில் பஞ்சு வைத்திருக்கிற ஒருவரின் ம் அப்படித்தான் இருக்கும். "சாயந்திரத்துக்கு ரசஞ்சாதம் கரைச்சு வெக்கறேனுங்க, ஆற வெச்சே தர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ரசஞ்சாதம். அத்தையிடம் மூச்சு விடாதே என்று நான் சொன்னதை இந்த அம்மாளிடமே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள், ஒரு பக்கம் சுருக்கென்றுதான் இருந்தது, பெற்றவள் நான், தூக்கமில்லாத ராத்திரியை யாரிடம் சொல்கிறாள் பார். இன்னொரு பக்கம் ஏழு மாதமாக நான் புரட்டிப் புரட்டிப் பார்த்த அந்த இரண்டு வார்த்தை எழுந்து வந்து என் முன்னால் நின்றது, நல்லாயிருக்கேம்மா, அதில் இழுப்பும் இல்லை, இறக்கமும் இல்லை. சந்தோஷம் இப்படி வந்து அறையும் என்று நான் நினைக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். என்ன என்று புருவத்தால் கேட்டார் சம்பந்தியம்மாள். கண்ணில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது, எனக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கிற கண். "உங்க மருமகதானுங்க" என்றேன். "நல்லாயிருக்காளாம்." அவர் பஞ்சைக் கடித்தபடி பெரிதாகத் தலையாட்டினார். அந்த வாய்க்கு இப்போது சொல்வதற்கு எவ்வளவு இருக்கும், ஆனாலும் பஞ்சை எடுக்கவில்லை, என் பேச்சைக் கேட்டு அடக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ரோஷன் கூப்பிட்டார், சபாபதி சாரின் கேஸ், நான் குழாய் பிடிக்க வேண்டும். எழுந்து நாலடி வைத்திருப்பேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினேன், சம்பந்தியம்மாளின் இடது கை உயர எழுந்திருந்தது, வேகமாக ஆடியது. "என்னங்க? வலிக்குதுங்களா?" ம்ஹூம். கை இறங்கி, ஒரு விரல் நீண்டு, என் இடுப்பைக் காட்டியது. இரண்டு கையாலும் பேண்டைப் பிடித்து மேலே தூக்கி, நாடாவில் இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.